பசியில்லாத பூனைக்குச் சோறூட்டும் பிள்ளைகள்

வேதபகுதி: 2 சாமுவேல் 12:1-7, யோனா 4:5-11, யோவான் 21:1-17



வீட்டு ஜெபத்துக்குப் போகும்போது தாய்மார்கள் ஜெபக்குறிப்பு கொடுப்பார்கள். வலையில் வரத்து வேண்டும், வட்டிக்கடன் தீர வேண்டும், வீட்டுக்காரர் குடியை விட வேண்டும், முகத்துவாரம் மண்மூடாமல் இருக்க வேண்டும். இவைகளெல்லாம் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் நமக்குப் பழகின ஜெபக்குறிப்புகள். சில வருஷங்களாக இவைகளோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "பாஸ்டரய்யா, பிள்ளை செல்போன்ல இருக்கிற பூனையே கதின்னு கிடக்குது. அதுக்குச் சோறு ஊட்டுது, குளிப்பாட்டுது, தூங்க வைக்குது. போனை வாங்கி வச்சா, பூனை பசியில கிடக்கும்னு அழுவுது. இது என்னங்கய்யா? ஏதாச்சும் அசுத்த ஆவியா?"

கேட்டுச் சிரித்துவிடலாம். அல்லது பிசாசின் கருவி என்று ஒரே வார்த்தையில் சொல்லி, தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். ஒரு காலத்தில் டெலிவிஷனை அப்படித்தான் பிசாசின் பெட்டி என்று நம் சபைகளில் சொன்னார்கள். பெட்டியும் போகவில்லை, அதே பெட்டியில் பிற்பாடு பிரசங்கமும் வந்தது. பெயர் வைத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைக்கக்கூடாது.

அந்தத் தாயின் கேள்விக்குள்ளே ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. உயிரில்லாத ஒன்றின்மேல் ஒரு பிள்ளை வைக்கிற அன்பு மெய்யான அன்புதானா? மெய்யென்றால் அது எங்கே போய்ச் சேருகிறது? பொய்யென்றால் அந்தப் பிள்ளையின் கண்ணீர் மட்டும் எப்படி மெய்யாக இருக்கிறது? இதை இந்த மாதம் வேத வெளிச்சத்தில் தியானிப்போம்.

"என் பூனை எங்க போச்சு?"

ஏரிக்கரையில் ஒரு குப்பம். எட்டு வயதுப் பெண்பிள்ளை. தகப்பன் ராத்திரியில் இறால் வலைக்குப் போகிறவர். தாய் விடியுமுன்னே கூடை தூக்கி மீன் விற்கப் போகிறவர். 2020ல் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடம் மூடினபோது அண்ணன் படிப்புக்காகக் கடன்பட்டு வாங்கின போன் அந்த வீட்டில் இருந்தது. அதில் 'மை டாக்கிங் டாம்' என்ற பூனை. ஐரோப்பாவில் ஸ்லோவேனியா என்ற சின்ன தேசத்தில் ஆரம்பித்த ஒரு கம்பெனி 2013ல் வெளியிட்ட விளையாட்டு அது. முதலில் குட்டியாக வரும். ஊட்ட ஊட்ட, தூங்க வைக்க வைக்க, வளர்ந்துகொண்டே போகும்.

ஒருநாள் போன் சரியாக வேலை செய்யவில்லை என்று கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துச் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிட்டார். அண்ணன் அதே விளையாட்டை மறுபடியும் ஏற்றினான். அதே பூனை வந்தது, அதே நிறம், அதே குரல். ஆனால் குட்டியாக வந்தது. பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "இது என் பூனை இல்ல. என் பூனை எங்க போச்சு?" என்று கேட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தகப்பன் அதட்டிப் பார்த்தார், தாய் கெஞ்சிப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் ஜெபத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்த ஒரு வார்த்தையைக் கவனியுங்கள் பிரியமானவர்களே. புதுப் பூனைக்கும் பழைய பூனைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் பிள்ளை ஏற்றுக்கொள்ளவில்லை. அது நேசித்தது 'ஏதோ ஒரு பூனையை' அல்ல, தான் ஊட்டி வளர்த்த அந்தப் பூனையை. லூக்கா 15ல் மேய்ப்பனும் இப்படித்தான். தொண்ணூற்றொன்பது இருக்கிறதே, போகட்டும் என்று அவன் கணக்குப் போடவில்லை. யோபுவின் புஸ்தகத்தை வாசித்துப் பாருங்கள். கடைசி அதிகாரத்தில் ஆடுகள் 7,000 இருந்தது 14,000 ஆயிற்று. ஒட்டகங்கள் 3,000 இருந்தது 6,000 ஆயிற்று. பிள்ளைகள் மாத்திரம் இரட்டிப்பாகவில்லை. முன்போலவே ஏழு குமாரர், மூன்று குமாரத்திகள். ஏனென்றால் முதல் பத்துப் பிள்ளைகளும் இல்லாமல் போய்விடவில்லை, அவர்கள் தேவனிடத்தில் இருக்கிறார்கள் என்று மூத்த ஊழியர்கள் பிரசங்கிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளை ஈடாகாது. இது அன்பின் இலக்கணம். அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த இலக்கணம் தெரிந்திருக்கிறது.

ஜப்பானில் வந்த முட்டை

இது செல்போனோடு வந்த காரியமும் அல்ல, நம் ஊருக்கு மட்டும் வந்த காரியமும் அல்ல. 1996 நவம்பரில் ஜப்பான் தேசத்தில் பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி 'தமகோச்சி' என்ற ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பான் பாஷையில் தமாகோ என்றால் முட்டை. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்கிற அளவில் முட்டை வடிவம், மூன்று பட்டன், சின்னத் திரை. உள்ளே ஒரு குஞ்சு பொரிக்கும். பசித்தால் பீப் பீப் என்று கூப்பிடும். அசுத்தம் பண்ணினால் துடைக்க வேண்டும், நோய் வந்தால் மருந்து கொடுக்க வேண்டும். அணைத்து வைக்க சுவிட்ச் கிடையாது. கவனிக்காமல் விட்டால் செத்துப்போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோனார்கள். பல பள்ளிக்கூடங்கள் தடை செய்தன. பிள்ளை வகுப்பில் இருக்கும்போது தாய்மார்கள் அதற்குத் தீனி கொடுத்தார்கள். முதல் சில வருஷத்திலேயே உலகம் முழுக்க ஏறத்தாழ 4 கோடி விற்றது.

செத்தபோது ஜப்பானில் விற்றதில் ஒரு கல்லறை தெரியும். அமெரிக்காவில் விற்றதில் அது செட்டை முளைத்து தேவதூதனைப்போல ஆகிவிடும். அங்கே விற்பதற்காக அப்படி மாற்றினார்கள்.

பிள்ளைகள் மாத்திரம் என்று நினைக்காதீங்க. 1999ல் சோனி கம்பெனி 'ஐபோ' என்ற இயந்திர நாயை விற்றது. 2006ல் செய்வதை நிறுத்தினார்கள், 2014ல் பழுதுபார்ப்பதையும் நிறுத்தினார்கள். அதன்பின் பழுதாகி நின்றுபோன அந்த நாய்களுக்கு ஜப்பானில் சிபா மாகாணத்தில் ஒரு புத்த கோவிலில் ஈமச்சடங்கு செய்தார்கள். 2018 ஏப்ரலில் ஒரே நாளில் 114 நாய்களுக்குச் சடங்கு நடந்தது. அவைகளைக் கொடுத்து அனுப்பினவர்கள் பெரியவர்கள். இயந்திரம் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் அழுதார்கள். அறிவு ஒரு பக்கம் நிற்கிறது, இருதயம் ஒரு பக்கம் போகிறது. மனுஷ இருதயம் இப்படி உண்டாக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலாவது ஒத்துக்கொள்ளுவோம்.

1. அந்த அன்பு பொய் அல்ல

ஆதியாகமம் 2ம் அதிகாரத்தில் மனுஷனுக்குக் கர்த்தர் கொடுத்த முதல் வேலை தோட்டத்தைப் பண்படுத்துவதும் காப்பதும். அடுத்தது, மிருகங்களையும் பறவைகளையும் அவனிடத்தில் கொண்டுவந்து, இவன் என்ன பேரிடுவான் என்று பார்க்கிறார். பேர் வைப்பதும் பராமரிப்பதும் பாவம் உலகத்தில் பிரவேசிக்கும் முன்னே மனுஷனுக்குள் வைக்கப்பட்டவை. நம் பிள்ளைகள் நண்டுக்கு நூல் கட்டி இழுத்துக்கொண்டு போகிறதும், மரப்பாச்சியை மடியில் போட்டுத் தாலாட்டுகிறதும், திருவிழாவில் வாங்கின கலர் கோழிக்குஞ்சுக்குத் தன் பெயரிலே பாதியை வைக்கிறதும் அந்த ஆதி ஊழியத்தின் சாயல்தான். போனில் இருக்கிற பூனைக்குச் சோறூட்டுகிற விரலும் அதே விரல்.

ஆகவே தகப்பன்மாரே, அந்தக் கண்ணீரைப் பரியாசம் பண்ணாதீர்கள். 'அது வெறும் படம்டா' என்று சொன்னால் பிள்ளை அழுகையை அடக்கிக்கொள்ளும். ஆனால், 'நான் நேசிக்கிறதைச் சொன்னால் சிரிப்பார்கள்' என்று ஒரு பாடத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். பதினாறு வயதில் வேறொரு காரியத்துக்காக அழும்போது அந்தப் பிள்ளை உங்களிடத்தில் வராது.

2. ஆட்டுக்குட்டியோடு நிறுத்திவிடாத தேவன்

இப்போது தாவீதிடத்திற்கு வருவோம். உரியா என்ற உண்மையுள்ள போர்ச்சேவகனைக் கொலைசெய்ய வழிபண்ணி, அவன் மனைவியை எடுத்துக்கொண்டு, ராஜா நிம்மதியாக இருக்கிறார். நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்லுகிறார். ஏழை ஒருவனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி. அவன் பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் தட்டிலே தின்றது, அவன் பாத்திரத்திலே குடித்தது, அவன் மடியிலே படுத்தது, மகளைப்போல இருந்தது. பக்கத்து ஐசுவரியவான் அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான். கேட்ட தாவீதுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவன் சாக வேண்டும் என்றார்.

பிரியமானவர்களே, அந்த ஆட்டுக்குட்டி எங்கே இருந்தது? எங்கேயும் இல்லை! அது கதையில் மாத்திரம் இருந்த குட்டி. அதற்குப் பசி இல்லை, மூச்சு இல்லை. ஆனால் தாவீதின் கோபம் மெய், இரக்கம் மெய், பின்பு வந்த மனந்திரும்புதலும் மெய். கர்த்தர் இல்லாத ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டு உறங்கிக்கிடந்த இருதயத்தை எழுப்பினார். அதனால் கற்பனையில் இருப்பதை நேசிப்பதே பாவம் என்று சொல்ல வேதம் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். நாத்தான் தாவீதை ஆட்டுக்குட்டியோடு விட்டுவிட்டுப் போகவில்லை. 'பாவம் அந்தக் குட்டி' என்று இரண்டுபேரும் உட்கார்ந்து அழுதுவிட்டு எழுந்திருக்கவில்லை. அடுத்த நிமிஷமே, அந்த ஆள் நீர்தான் என்று ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லி, குட்டியிடத்திலிருந்து உரியாவினிடத்திற்குக் கூட்டிக்கொண்டு போனார்.

யோனாவுக்கும் இதேதான் நடந்தது. ஒரு செடி நிழல் கொடுத்தது, யோனா சந்தோஷப்பட்டார். புழு அரித்துச் செடி பட்டுப்போயிற்று, சாகிற அளவுக்கு எரிச்சலடைந்தார். செடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கர்த்தர் அவரைப் பரியாசம் பண்ணவில்லை. நீ பாடுபட்டு வளர்க்காத ஒரு செடிக்கே இப்படி உருகுகிறாயே, 1,20,000க்கு மேற்பட்ட ஜனங்களும் அநேக மிருகங்களும் இருக்கிற நினிவேக்காக நான் உருகாமல் இருப்பேனா என்று கேட்டார். செடியிலிருந்து பட்டணத்துக்கு ஒரு பாலம் போட்டார்.

இதுதான் தேவனுடைய வழி. சின்ன அன்பை அவர் மிதிக்கிறதில்லை, கையைப் பிடித்துப் பெரிய அன்புக்கு நடத்துகிறார். ஒரு விளையாட்டு நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்களே, இதுதான் அளவுகோல்: இந்த ஆட்டுக்குட்டி பிள்ளையை உயிருள்ள ஒருவரிடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, அல்லது திரும்பத் திரும்ப தன்னிடத்திலேயே கூப்பிட்டுக்கொள்கிறதா? மரப்பாச்சியைத் தாலாட்டின பிள்ளை நாளைக்குத் தம்பியைத் தாலாட்டும். மரப்பாச்சி அதைத் தடுக்கவில்லை, 'என்னை ஏன் விட்டுப் போனாய்' என்று பீப் அடிக்கவும் இல்லை. போன் பூனை அடிக்கிறது.

3. உயிருள்ளது மாத்திரம் கற்றுத்தருகிற பாடம்

உயிருள்ள பூனை கீறும். பிடிக்காவிட்டால் மடியிலிருந்து குதித்து ஓடிப்போகும். நாம் ஆசையாகக் கொடுக்கிற சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதற்கென்று ஒரு சித்தம் இருக்கிறது. நேசிப்பது என்றால் இன்னொருவருடைய சித்தத்துக்கு இடம் கொடுப்பது என்பதைக் கீறல் வாங்கின பிள்ளை கற்றுக்கொள்கிறது. போன் பூனை அடிபட்டாலும் நோகாது. அந்த விளையாட்டில் பூனையைக் குத்தினால் அது விழுந்து எழுந்திருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். நோகாத ஒன்றிடத்தில் இரக்கத்தைப் பழக முடியுமா?

அமெரிக்காவில் ஷெர்ரி டர்க்கிள் என்ற பேராசிரியை பல வருஷமாக இப்படிப்பட்ட பொம்மைகளோடு பழகும் பிள்ளைகளைக் கவனித்து எழுதி வருகிறவர். 2005ல் நியூயார்க்கில் ஒரு பெரிய அருங்காட்சியகத்துக்குத் தன் மகளை அழைத்துப் போனார். தூர தீவிலிருந்து கொண்டுவந்த உயிருள்ள பெரிய ஆமைகளை அங்கே வைத்திருந்தார்கள். அதில் கண்ணுக்குத் தெரிந்தது அசையாமல் கிடந்தது. இதற்கு உயிருள்ள ஆமை எதற்கு, இயந்திர ஆமையே போதுமே என்கிற பொருளில் மகள் சொன்னாள். வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளிடமும் கேட்டார். பலர் அப்படித்தான் நினைத்தார்கள்.

நம் கரைக்கு வாருங்கள். தை மாதம் தொடங்கி பங்குனி ஆமைகள் ராத்திரியில் மணலுக்கு ஏறி முட்டையிடுகின்றன. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் அவை செத்து ஒதுங்கினதைப் பார்த்தோம். செத்த ஆமையைக் கண்டு ஒரு பிள்ளை 'இயந்திர ஆமையே போதும்' என்று சொல்லாது. அந்தக் கண்ணைப் பார்த்த பிள்ளைக்கு உயிர் என்றால் என்ன என்று தெரியும்.

யாத்திராகமம் 12ஐ வாசிக்கும்போது ஒரு காரியம் என் மனதைத் தொடும். பஸ்கா ஆட்டுக்குட்டியைப் பத்தாம் தேதி தெரிந்தெடுத்து, பதினாலாம் தேதி சாயங்காலம் வரைக்கும் வைத்திருக்க வேண்டும். நாலு நாள்! வீட்டில் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். புல் கொடுத்திருப்பார்கள், ஒருவேளை பேர்கூட வைத்திருப்பார்கள். பதினாலாம் தேதி இரத்தம் நிலைக்காலில் பூசப்பட்டபோது, பாவத்திலிருந்து மீட்பு என்றால் என்ன விலை என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் தனியாகப் பிரசங்கிக்க வேண்டியிருந்திருக்காது. பட்டனை அழுத்தினால் திரும்ப வருகிற ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டு கல்வாரியைப் புரிய வைக்க முடியாது.

4. மறுபடி தொடங்குவது உயிர்த்தெழுதல் அல்ல

இதை விசேஷமாய்ச் சொல்ல விரும்புகிறேன். தமகோச்சி செத்தால் பட்டனை அழுத்தினால் புது முட்டை வரும். போன் விளையாட்டை அழித்துவிட்டு மறுபடியும் ஏற்றினால் புதுக் குட்டி வரும். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளருகிற பிள்ளை, மரணத்தைக் குறித்தும் மன்னிப்பைக் குறித்தும் என்ன நினைக்கும்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும்.

ஆனால் இந்தத் தண்ணீர் நமக்கு வேறு பாடம் கற்பித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26ல் கடல் உள்ளே வந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2011 கிறிஸ்துமஸ் நாளில் ஏரியைப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். எந்தப் பட்டனை அழுத்தித் திரும்ப வரவழைப்பது? மீனவன் வீட்டுப் பிள்ளைக்கு மரணத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. ஆகவே தாய்மாரே, அழுகிற பிள்ளையைத் தேற்றுவதற்காக 'உன் பூனை பரலோகம் போயிட்டுது' என்று சொல்லாதீங்க. பரலோகம் அவ்வளவு மலிவானதல்ல. நாளைக்கு மெய்யாகவே ஒரு தாத்தா மரிக்கும்போது அதே வார்த்தையைச் சொன்னால் அந்தப் பிள்ளை நம்பாது.

நம் ஆண்டவர் உயிர்த்தெழுந்தபோது தழும்புகளோடு எழுந்தார். தோமாவுக்கு அந்தக் கைகளைத்தான் காண்பித்தார். யோவான் 21ல், திபேரியா ஏரிக்கரையில் கரியடுப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க வலை வெறுமையாய் வந்த சீஷர்களுக்காகக் காத்திருந்தார். ஏரிக்கரை ஜனங்களாகிய நமக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பேதுருவினிடத்தில், 'பழசெல்லாம் அழிச்சாச்சு, முதலிலிருந்து ஆரம்பிப்போம்' என்று அவர் சொல்லவில்லை. மூன்று தரம் மறுதலித்தவனிடத்தில் மூன்று தரம், என்னை நேசிக்கிறாயா என்று கேட்டார். காயத்தைத் தொட்டுத்தான் ஆற்றினார். அழித்துவிடுவது ஞாபகத்தைக் கொல்லும். உயிர்த்தெழுதல் ஞாபகத்தை மீட்டெடுக்கும். பூனை குட்டியாகத் திரும்ப வந்தபோது 'இது என் பூனை இல்ல' என்று சொன்ன பிள்ளை, ஒரு விதத்தில் நம்மில் அநேகரைவிட உயிர்த்தெழுதலின் சத்தியத்துக்குச் சமீபமாய் இருந்தது.

நேசிக்கிறேன் என்று சொன்ன பேதுருவுக்கு அவர் கொடுத்த வேலை என்ன? என் குட்டிகளுக்குத் தீனி கொடு என்பதுதான். உயிருள்ள குட்டிகளுக்கு!

5. நம் பாட்டில் வலை வைத்தவன் யார்?

ஏரியில் நமக்குப் பாடு முறை உண்டு. இந்த நாளில் இந்த இடம் இன்னாருக்கு என்று முறைவைத்துக் கொடுக்கிறார்கள். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை வைக்கமாட்டான். வைத்தால் ஊர் கூடிவிடும். பிள்ளையின் மனது நமக்குக் கர்த்தர் கொடுத்த பாடு. அதில் நாம் வலை வைக்காமல் விட்டோமானால், வேறொருவன் வந்து வைத்துவிட்டுப் போகிறான்.

போன் பூனைக்குப் பசி உண்டாக்கினது யார்? பூனைக்குப் பசி கிடையாது. பிள்ளை திரும்பத் திரும்ப வர வேண்டும் என்று யாரோ ஒரு ஆபீசில் உட்கார்ந்து அந்தப் பசியை எழுதியிருக்கிறார்கள். சோறு வாங்கக் காசு வேண்டும், காசு வேண்டுமானால் இந்த விளம்பரத்தைப் பார் என்கிறது. பிள்ளையின் இரக்கத்தைத் தூண்டில்முள்ளில் இரையாகக் கோர்த்து, பிள்ளையையே பிடிக்கிறார்கள். யோவான் 10ல் ஆண்டவர் சொன்ன கூலியாள் ஆட்டுக்காக நிற்கிறவன் அல்ல, கூலிக்காக நிற்கிறவன்.

இப்போது பேசுகிற பொம்மைகளும் வந்துவிட்டன. ஜெர்மனி தேசத்தில் 2017 பிப்ரவரியில் 'மை ஃப்ரெண்ட் கேய்லா' என்ற பொம்மையை ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கிற கருவி என்று சொல்லித் தடை செய்தார்கள். நம் தேசத்திலும் 2023ல் நிறைவேற்றின தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக்கூடாது என்கிறது. நல்லது. ஆனால் சட்டம் நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து பிள்ளையோடு பேசாது.

ஏசாயா 46ல் பாபிலோனின் தெய்வங்களைப்பற்றி ஒரு காட்சி இருக்கிறது. அவைகளை மாடுகள்மேல் ஏற்றிச் சுமந்து கொண்டுபோகிறார்கள், மாடுகள் களைத்துப்போகின்றன. அதற்கு எதிராகக் கர்த்தர், நீங்கள் கருவிலிருந்த நாள் முதல் நரைமயிர் வரைக்கும் உங்களைச் சுமக்கிறவர் நானே என்கிறார். பிள்ளைகள் கையில் இருக்கிறதும் இப்படித்தான்: 'என்னைச் சும, என்னை ஊட்டு, என்னை விட்டுப் போகாதே' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. சுமக்கிற அந்தப் பிள்ளையைச் சுமக்கிறவர் யார்? தாய் சந்தையில், தகப்பன் ராத்திரி வலை முடிந்து உறக்கத்தில். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வயிற்றுப்பாடு அது. ஆனால் ஊட்டுவதில் இத்தனை ஆசையுள்ள பிள்ளை, தனக்கும் யாராவது ஊட்டமாட்டார்களா என்று ஏங்குகிற பிள்ளையாக இருக்கலாம்.

6. என்ன செய்யலாம்?

முதலாவது, போனைப் பிடுங்கி எறியாதீர்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, 'உன் பூனையைக் காட்டு' என்று கேளுங்கள். அதற்கு என்ன பேர், என்ன பிடிக்கும் என்று கேளுங்கள். பத்து நிமிஷம் போதும். நாத்தான்கூட ஆட்டுக்குட்டியிலிருந்துதான் ஆரம்பித்தார்.

இரண்டாவது, பாலம் போடுங்கள். வீட்டில் ஒரு கோழிக்குஞ்சோ, ஒரு ஆட்டுக்குட்டியோ, ஒரு முருங்கைக் கன்றோ பிள்ளையின் பொறுப்பில் இருக்கட்டும். கலர் குஞ்சு வாங்கிக் கொடுக்காதீங்க, அது பெரும்பாலும் சில நாளில் செத்துப்போகும். தாய்க்கோழி பொரித்த குஞ்சாக இருக்கட்டும். அது செத்தால் பிள்ளையோடு சேர்ந்து குழி தோண்டுங்கள், சேர்ந்து அழுங்கள். நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் காக்கிறான் என்கிற கருத்தை நீதிமொழிகள் 12:10ல் வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது, உயிருள்ள மனுஷரிடத்தில் அனுப்புங்கள். நம் சபையில் எழுந்து நடமாட முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராய் ஒரு ஆயாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்து வரட்டும். ஊட்டுகிற கைக்கு ஊட்டப்படுகிற வாய் கிடைக்கட்டும். ஆயா சில நாள் கோபப்படுவார், பேரைத் தப்பாகக் கூப்பிடுவார். அதுவும் பாடம்தான்.

நான்காவது, பூனைக்காக ஜெபிக்க வேண்டாம், பிள்ளைக்காக ஜெபியுங்கள். பிள்ளையைத் தனியாக முழங்காலில் நிறுத்தாமல், நீங்களும் பக்கத்தில் முழங்கால்போட்டு ஜெபியுங்கள். 'கர்த்தாவே, இந்தப் பிள்ளைக்கு நீர் கொடுத்த இரக்கத்துக்காக ஸ்தோத்திரம். இதை வீணாய்ப் போகவிடாதேயும்' என்று சொல்லுங்கள். அந்த இரக்கத்தைத் துரத்துகிற ஜெபத்தைச் செய்துவிடாதீர்கள். அது அசுத்த ஆவி அல்ல.

ஐந்தாவது, நம் நேரத்தில் பிள்ளைக்கு ஒரு பாடு எழுதி வையுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம், சுத்து வலை காய்கிற இடத்திலோ, படகின் நிழலிலோ, போனை வீட்டில் வைத்துவிட்டு. பூநாரைகள் வந்திருந்தால் காட்டுங்கள். உங்கள் தகப்பனார் எந்த நீரோட்டத்தில் எந்த மீன் பிடித்தார் என்று சொல்லுங்கள். பாடு எழுதினபின் அதை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரியமானவர்களே, எழுப்புதல் எழுப்புதல் என்று நாம் ஜெபிக்கிறோம். மல்கியாவின் கடைசி வசனம் சொல்லுகிற எழுப்புதல், பிதாக்களின் இருதயம் பிள்ளைகளிடத்துக்கும் பிள்ளைகளின் இருதயம் பிதாக்களிடத்துக்கும் திரும்புவதில் இருக்கிறது. கூட்டத்தில் ஆவியில் நிறைந்து துதித்துவிட்டு, வீட்டில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால், அந்த வசனம் நம் குப்பத்தில் இன்னும் நிறைவேறவில்லை என்று அர்த்தம். இந்த மாதத்து உபவாச ஜெபத்தில் இதற்காக ஒருமனப்பட்டு ஜெபிப்போம். நம் பிள்ளைகளின் சின்ன இருதயத்தில் அவர் வைத்திருக்கிற அன்பை அவரே உயிருள்ளவர்களிடத்திற்கு நடத்தி, கடைசியில் தம்மிடத்திற்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

கர்த்தர்தாமே உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!